சீனி போடாத தேத்தண்ணியும் வாப்பா சொன்ன ஒரு வார்த்தையும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சொந்தக் குறையை ஊருக்குச் சொல்வது லேசான வேலை இல்லை. ஆனால் நம்ம பதுளைப் பக்கத்தில் இந்தக் கதை என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போனேன். டொக்டர் என் வயிற்றைப் பார்த்தார், வயதைக் கேட்டார், "வாப்பாவுக்கு சீனி வருத்தம் இருந்ததா?" என்றார். இருந்தது என்றேன். ரத்தம் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார். வெறும் வயிற்றில் எடுத்த ரிப்போர்ட்டில் 118 என்று இருந்தது. 100க்குக் கீழே இருக்க வேண்டும். 126ஐத் தாண்டினால் சீனி வருத்தம் என்பார்கள். நான் நடுவில் நிற்கிறேன். "இப்ப நீங்க வாசல்ல நிக்கிறீங்க மாஸ்டர். உள்ளுக்குப் போறதும் திரும்பி நடக்கிறதும் உங்கட கையில" என்றார்.

அந்த "உங்கட கையில" என்ற வார்த்தைதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் இதே வார்த்தையை நான் வாப்பாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாப்பா பஜாரில் தையல் வேலை செய்தார். காலையிலிருந்து மஃரிப் வரைக்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மணிக்கு ஒரு தரம் பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்டீ வரும். சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகும் வந்துகொண்டேதான் இருந்தது. 2014இல் வலது காலில் ஒரு புண் வந்து ஆறாமல், கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் ஒரு நாள் கடையில் நூல் தேடும்போது மெஷின் லாச்சிக்குள் கடதாசியில் சுற்றிய தொதல் துண்டு ஒன்று கிடைத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது நான் கல்வியியல் கல்லூரியை முடித்து வந்த புதிது. எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு.

"வருஷா வருஷம் முப்பது நோன்பு பிடிக்கிறீங்க. ஒரு துண்டுத் தொதலைத் தள்ளி வைக்க ஏலாதா? எல்லாம் உங்கட கையிலதான் வாப்பா இருக்கு" என்று கஸ்டமர் ஒருவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

வாப்பா உடனே ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிட்டு முடித்து, நான் கை கழுவிக்கொண்டு இருந்தபோது பின்னால் வந்து நின்று சொன்னார்: "மகன், நோன்பு காலத்துல ஊரே பசியோட ஈக்கிது. அது லேசு. மத்த நாளையில நான் மட்டும்தான் பசியோட ஈக்கோணும்."

அன்றைக்கு அதை ஒரு சாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். வாப்பா 2017இல் மௌத்தானார். அந்த வார்த்தை எனக்கு விளங்குவதற்கு 118 என்ற நம்பர் தேவைப்பட்டது.

ரிப்போர்ட் கிடைத்த அன்றிரவு ஒரு நாளில் நான் குடிக்கும் தேத்தண்ணியைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். சுபஹுக்குப் பிறகு பிளேன்டீ ஒன்று. காலைச் சாப்பாட்டோடு பால் டீ. ஸ்கூல் இன்டர்வலில் ஒன்று. பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒன்று. அஸருக்குப் பிறகு வீட்டில் ஒன்று. இரவு கொப்பி திருத்தும்போது ஒன்று. ஆறு கப். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. மொத்தம் பன்னிரண்டு. மட்டமாக எடுத்தால் ஒரு தேக்கரண்டி 4 கிராம். நாங்கள் யாரும் மட்டமாக எடுப்பதில்லை. ஆகக் குறைந்தது 48 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்குப்படி, நாம் வெளியிலிருந்து சேர்க்கும் சீனி நம் உடம்புக்குக் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 50 கிராம். அதிலும் பாதியாக, 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. என் தேத்தண்ணி மட்டுமே 50க்குக் கிட்ட வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் எடுக்கும் கிம்புலா பனிஸ், மேலே சீனி தூவியது, அதை இன்னும் நான் எழுதவே இல்லை.

உடனே சபதம் எடுத்தேன். நாளையிலிருந்து சீனி இல்லை, பனிஸ் இல்லை, இரவில் சோறு இல்லை, சுபஹுக்குப் பிறகு நடை. ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் எரிந்து விழுந்தேன், வகுப்பில் பிள்ளைகளிடம் கத்தினேன். பத்தாவது நாள் பின்னேரம், தவணைப் பரீட்சைத் தாள் கட்டோடு வீட்டுக்கு வந்து உட்காருகிறேன், ரோட்டில் சூன் பாண் ஓட்டோவின் சத்தம் கேட்கிறது. அந்த மெட்டு இருநூறு வருஷத்துக்கு முன்னால் பீத்தோவன் போட்டது. பாவம், அவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். நான் யோசிக்கவே இல்லை. என் கால் தானாக எழும்பியது. இரண்டு கிம்புலா பனிஸ் வாங்கி, வீட்டுக்குள் வருவதற்கு முன் கேட் பக்கத்தில் நின்றே ஒன்றைச் சாப்பிட்டு முடித்தேன். ஒளித்துச் சாப்பிட்டேன். வாயைத் துடைக்கும்போது லாச்சிக்குள் இருந்த தொதல் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் ஸ்கூல் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

பத்தனை கல்வியியல் கல்லூரியில் படிக்கும்போது உளவியல் பாடத்தில் ஒரு பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தேன். வால்டர் மிஷெல் என்ற பேராசிரியர் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் தொடங்கியது. சின்னப் பிள்ளைக்கு முன்னால் ஒரு இனிப்பை வைத்துவிட்டு, "நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டாகத் தருவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்க்கையிலும் கெட்டிக்காரர்களாக வந்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சுயகட்டுப்பாடு என்பது ஆளோடு பிறந்த குணம் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

பசறைப் பக்கத் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்துப் போன முதல் வருஷம், தரம் 4 பிள்ளைகளிடம் அதைச் செய்து பார்த்தேன். ஆளுக்கொரு டொஃபி. "சேர் ஒஃபிஸுக்குப் போய் பத்து நிமிஷத்துல வாறேன். சாப்பிடாம வச்சிருந்தா இன்னொண்ணு." ஒஃபிஸில் ஒரு வேலையில் மாட்டி, திரும்பி வர அரை மணித்தியாலம் ஆகிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் மேசையில் வெறும் கடதாசிதான் இருந்தது. முன் வாங்கில் இருந்த பையனிடம், "ஏன்டா, கொஞ்சம் பொறுக்க முடியலியா?" என்று கேட்டேன். அவன் பயப்படாமல் சொன்னான்: "பத்து நிமிஷம்னு சொன்னீங்க சேர். வரல. போன டீச்சரும் திங்கக்கிழம வாறேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் "இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஸ்டாஃப் ரூமிலும் அப்படியே சொன்னேன்.

என் 118க்குப் பிறகுதான் அந்தப் பரிசோதனை பற்றி மேலும் தேடி வாசித்தேன். 2013இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்திருக்கிறார்கள். முதலில் சில பிள்ளைகளிடம் ஒரு வாக்குக் கொடுத்து நிறைவேற்றினார்கள். வேறு சில பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மீறினார்கள். அதற்குப் பிறகு இனிப்பை வைத்தார்கள். வாக்கு நிறைவேறிய பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம். 2018இல் 900க்கும் அதிகமான பிள்ளைகளின் தகவல்களை வைத்துப் பார்த்தவர்கள், வீட்டுச் சூழலையும் பெற்றோரின் படிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்தப் பழைய "கெட்டிக்காரர்" கதையின் பெரும்பகுதி மங்கிப்போகிறது என்று காட்டினார்கள்.

அந்தப் பையன் ஆராய்ச்சி எதுவும் வாசிக்காமலே இதை எனக்குச் சொல்லியிருக்கிறான். இன்று அவன் ஓ/எல் எல்லாம் முடித்துவிட்டான். சந்திக்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன்.

மிஷெலின் பரிசோதனையிலேயே எங்களுக்குச் சொல்லித் தராத இன்னொரு விஷயமும் இருந்தது. இனிப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தபோது பிள்ளைகளால் அதிக நேரம் தாங்க முடியவில்லை. அதை மறைத்து வைத்தபோது நீண்ட நேரம் பொறுத்தார்கள். பொறுத்த பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. கண்ணை மூடினார்கள், பாட்டுப் பாடினார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள். 2012இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்விலும் இதே கதைதான். 205 பேரின் அன்றாட ஆசைகளை நாள் முழுக்கக் கேட்டுக் குறித்தார்கள். கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு அடிக்கடி சண்டை பிடிப்பவர்கள் இல்லை. சண்டை வரும் இடத்துக்கே குறைவாகப் போகிறவர்கள்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் நோன்பு வந்தது. நான் படிப்பிப்பது தமிழ்ப் பாடசாலை என்பதால் எங்களுக்கு நோன்பு லீவு கிடையாது. இன்டர்வலில் பிள்ளைகள் எனக்கு முன்னால் ரொட்டியும் சம்பலும் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். ஸ்டாஃப் ரூமில் டீ வரும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது நாளில் தோற்றுப்போன அதே ஆள், முப்பது நாள் பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறேன். எப்படி? அந்த நோன்பில்தான் நான் என்னை ஒரு பிள்ளையைக் கவனிப்பது போலக் கவனித்தேன்.

ஒன்று, நோன்பில் கோடு தெளிவாக இருக்கிறது. பாங்குக்கு முன், பாங்குக்குப் பின். "கொஞ்சமாச் சாப்பிடலாம்" என்ற பேரம் இல்லை. நான் எடுத்த சபதத்தில் எல்லாமே "குறைக்க வேண்டும்" என்றுதான் இருந்தது. குறைப்பது என்றால் எவ்வளவு? அதை ஒவ்வொரு தரமும் தீர்மானிக்க வேண்டி வந்தது, ஒவ்வொரு தரமும் நான்தான் தோற்றேன்.

இரண்டு, நிய்யத். முதல் நாள் இரவே முடிவு எடுத்தாகிவிட்டது. பகலில் பசி வந்து கேட்கும்போது முடிவு எடுப்பதில்லை.

மூன்று, அடுப்பே அணைந்திருக்கிறது. வீட்டில் மேசையில் ஒன்றும் இல்லை.

நான்கு, வாப்பா சொன்னது. ஊரே பசியோடு இருக்கிறது. யாரும் "ஒண்ணுதானே, எடுங்க" என்று கையில் திணிப்பதில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஹிந்து, கிறிஸ்தவ டீச்சர்மார்கூட அந்த மாதம் எனக்கு முன்னால் கப்பை நீட்ட மாட்டார்கள்.

நோன்பில் எனக்கு உதவிய இந்த நான்கும் மற்ற பதினொரு மாதத்தில் இல்லை. வாப்பாவுக்கும் இருக்கவில்லை. தைக்கும் கடைக்கு மணிக்கொரு பிளேன்டீ வந்தது. பெருநாளுக்கு வட்டிலப்பத்தை எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டு, அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னோம். பிறகு "உங்கட கையில" என்றோம்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். நோன்பே மருந்து என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பகலெல்லாம் பொறுத்துவிட்டு இஃப்தாரில் சமூசா, கட்லட், ரோல்ஸ், சர்பத் என்று நாம் அடிக்கிற அடியில் சிலருக்குப் பெருநாளன்று நிறை கூடித்தான் இருக்கும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான். அந்த முறை ஈத்தம்பழம், தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி, அதோடு எழும்பி மஃரிப் தொழுவது என்று வைத்துக்கொண்டேன். தொழுதுவிட்டு வரும்போது பாதிப் பசி தானாகப் போயிருந்தது. சீனி வருத்தத்துக்கு மருந்து, ஊசி எடுப்பவர்கள் நோன்பு பிடிப்பதானால் முன்கூட்டியே டொக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். மருந்தின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் அது சீனி இறங்கும் அறிகுறி. அந்த நேரம் நோன்பை விட்டுவிட்டு இனிப்பாக ஏதாவது குடிக்கத்தான் வேண்டும்.

பெருநாள் முடிந்ததும் திரும்பத் தொடங்கினேன். இந்த முறை ஒரே ஒரு விஷயம்: தேத்தண்ணிச் சீனி. பனிஸைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்கினேன். இரண்டு கிழமை அப்படியே. பிறகு ஒன்று. பிறகு அரை. கரண்டியை மட்டமாகத் தட்டி எடுத்தேன். முதல் மூன்று நாள் வாய்க்குப் பிடிக்காது, பிறகு நாக்கு பழகிக்கொள்ளும். இன்று யாராவது பழையபடி இரண்டு கரண்டி போட்டுத் தந்தால் பாணி குடிப்பது போல இருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய உதவி செய்தவர் தோட்டத்து அம்மாச்சி ஒருவர். ஸ்கூலுக்கு வராத ஒரு பிள்ளையைத் தேடி லயத்துக்குப் போயிருந்தேன். பாட்டி மட்டும்தான் இருந்தார். சாயத்தண்ணி ஊற்றித் தந்தார். "அம்மாச்சி, எனக்கு சீனி போடாதீங்க" என்றேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "சீனி இருக்குங்க சேர். நேத்துத்தான் கடையில வாங்கினது" என்று டின்னைத் திறந்து காட்டினார். எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வறுமையைச் சுட்டிக் காட்டியதாக அவர் நினைத்துவிட்டார்.

"இல்ல அம்மாச்சி, எங்க வாப்பாவுக்கு சீனி வருத்தம். எனக்கும் வரப் பார்க்குது" என்று விஷயத்தைச் சொன்னேன். உடனே முகம் மாறியது. "அப்ப இப்படிக் குடிங்க" என்று என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியை வைத்தார். "சிறிமா அம்மா காலத்துல சீனியே கிடைக்காது. நாங்க எல்லாம் இப்படித்தான், கையில வச்சு நக்கிக்கிட்டு தேத்தண்ணியக் குடிப்போம்."

குடித்தேன். ஒரு நக்கு, ஒரு மிடறு. நாக்கில் இனிப்பு இருந்தது, தேயிலையின் ருசியும் தெரிந்தது. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதன் வாசத்துக்காகவே தனியாக விலை கொடுக்கிறார்கள். பதுளையில் பிறந்து வளர்ந்த நான் சீனிக்கு அடியில் அதை முதல் தடவையாக அன்றைக்குத்தான் ருசித்தேன். வீட்டுக்கு வந்து அதே அளவை அளந்து பார்த்தேன். அரைக் கரண்டிக்கும் குறைவு. அதன் பிறகு இரவில் கொப்பி திருத்தும்போது உள்ளங்கைச் சீனிதான். கையில் பேனை இருப்பதால் பாதி நாள் அதுவும் மறந்துபோகும்.

தோட்டத்து ஆக்களின் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் அதே ரொட்டி, இடையில் சீனித் தேத்தண்ணி என்று இருப்பதைப் பார்த்து, "இவங்களுக்கு ஆரோக்கியம் பற்றித் தெரியாது" என்று டவுன் ஆக்கள் நாம் லேசாகச் சொல்லிவிடுவோம். அரிசியையும் மாவையும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலம் ஒன்று இருந்தது. கொழுந்துக்கு ஓடுவதற்கு முன், விடியற்காலையில் விறகடுப்பில் சீக்கிரமாகச் செய்ய முடிவது, மலைக்குக் கட்டிக்கொண்டு போக முடிவது, குறைந்த காசில் வயிற்றை நிரப்புவது ரொட்டிதான். நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். மலையேறிக் கொழுந்து பறிக்கும் உடம்புக்கு அந்தச் சீனி அன்றைய சக்தி. அவர்களிடம் போய் "ஓட்ஸ் சாப்பிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்து, டவுனில் கடையிலும் ஒஃபிஸிலும் உட்கார்ந்து வேலை செய்துகொண்டு அதே அளவு சீனியைக் குடிக்கும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. என் வாப்பாவின் கணக்கும் உட்கார்ந்த இடத்தில்தான் பிழைத்தது.

நாட்டு நிலைமையும் பயப்படும்படிதான் இருக்கிறது. 2018-19இல் நாடு முழுக்கச் செய்த ஒரு ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு சீனி வருத்தம். 2016இல் சோடாப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போடச் சட்டம் வந்தது. 2017 நவம்பர் பட்ஜெட்டில் இனிப்புப் பானங்களுக்கு ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. சோடாவுக்கு நிறம் இருக்கிறது. நம்ம வீட்டுத் தேத்தண்ணிக் கப்புக்கு யார் நிறம் போடுவது?

சீனி பழகிய பிறகு பனிஸுக்கு வந்தேன். நோன்பில் படித்த பாடத்தை அப்படியே எடுத்தேன். பேக்கரி வாசலில் நின்று மனதோடு சண்டை பிடிப்பதை விட்டேன். பஸ் ஸ்டாண்ட் வரை போகாமல் ஒரு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தேன். பேக்கரி கண்ணில் படுவதில்லை, இருபது நிமிஷ நடையும் ஆயிற்று. சூன் பாண் ஓட்டோவை நிறுத்த முடியாது. அதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்தேன்: "அந்த மெட்டுக் கேட்டால் நான் எழும்பி ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பேன்." சிரிக்காதீர்கள். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்னாலேயே முடிவு எடுத்து வைப்பது உதவும் என்று உளவியலில் பல ஆய்வுகள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த நிய்யத்தான் அது. இப்போது அந்த மெட்டுக் கேட்டால் எனக்குத் தண்ணீர்த் தாகம் வருகிறது. பீத்தோவன் மன்னிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆள் சேர்த்தேன். ஸ்டாஃப் ரூமில் விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னபோது, இன்னும் இரண்டு பேர் தங்கள் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதுவரை யாருக்கும் தெரியாது. மேசையில் இருந்த சீனி டின் அலுமாரிக்குள் போனது. தேவையானவர் எழும்பிப் போய் எடுக்கலாம், யாருக்கும் தடை இல்லை. ஒரு கிலோ சீனி முன்பைவிட எத்தனையோ நாள் கூடுதலாக நிற்கிறது. வீட்டில் உம்மாவும் மனைவியும் சேர்ந்தார்கள். என் மகளுக்குப் பால் டீயில் சீனி எவ்வளவு போடுகிறோம் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இடையில் வழுக்கவில்லையா? வழுக்கினேன். ஓகஸ்டில் ஒரு வலீமாவில் வட்டிலப்பம் இரண்டு கப். முந்தி என்றால், "எல்லாம் போச்சு" என்று அன்றிலிருந்து பழையபடி ஆகியிருப்பேன். லண்டனில் செய்து 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வு எனக்கு ஆறுதல் தந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர சராசரியாக 66 நாள் எடுத்திருக்கிறது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரை கணக்கு நீண்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை. ஒரு நோன்பு விடுபட்டால் களாச் செய்கிறோம், மற்ற இருபத்தொன்பதையும் விட்டுவிடுவதில்லை. அடுத்த கப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.

ஒக்டோபரில் திரும்பச் சோதித்தேன். 103. நிறை நாலு கிலோ குறைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ். இன்னும் 100க்குக் கீழே வரவில்லை. வாசலிலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் வந்திருக்கிறேன், அவ்வளவுதான். சென்னையில் 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. என்னைப் போல வாசலில் நின்றவர்களில், சாதாரணமாக விட்ட கூட்டத்தில் 100க்கு 55 பேர் உள்ளே போனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய கூட்டத்தில் 39 பேர். மாற்றியும் 39 பேருக்கு வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. எனக்கும் நாளைக்கு வரலாம். வந்தால் அது என் கட்டுப்பாடின்மைக்குத் தண்டனை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ரத்தத்தில் வருவதும் இருக்கிறது.

கடைசியாக உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

வீட்டுக்கு வரும் ஆளிடம் "சீனி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். வேண்டாம் என்றால், "ஒரு நாளைக்குத்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். அவருக்கு எல்லா வீட்டிலும் அந்த ஒரு நாள்தான்.

பள்ளிவாசல் கந்தூரியிலும் கோயில் திருவிழாவிலும் ஸ்கூல் கூட்டங்களிலும் சீனி போட்டதோடு போடாததும் ஒரு கேத்தலில் வையுங்கள். செலவு ஒன்றும் கூடாது, குறையத்தான் செய்யும்.

உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவர் ஒளித்துச் சாப்பிடுவதைக் கண்டால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். கத்துவதற்கு முன்னால் உங்கள் வீட்டு மேசையைப் பாருங்கள். அவர் மட்டும் பசியோடு இருக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் கொஞ்ச நாள் நீங்களும் அவரோடு சேர்ந்து சீனி இல்லாமல் குடியுங்கள்.

என் வாப்பாவோடு நான் அப்படி ஒரு கப் குடிக்கவில்லை. அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.